மண்ணா, மனுஷனா... யார் யாரை உருவாக்குறாங்க? வட்டாரங்களைப் படிக்கக் கத்துக்கொடுத்த விடாலின் கதை!

புதுசா ஒருத்தரைப் பார்த்தா, பேருக்கு அடுத்து நாம கேட்கிற கேள்வி என்ன? சொந்த ஊரு எது என்பதுதான். ஊர்ப் பேரைக் கேட்ட மறுநொடியே மனசுக்குள்ள ஒரு முடிவுக்கும் வந்துடுவோம். வெயில் கொளுத்துற ஊரா, ஆளு கோபக்காரரா இருப்பார். ஆத்துப் பாசனமா, கொஞ்சம் சோம்பேறி. மலைப்பக்கமா, பாவம், சூதுவாது தெரியாதவர். உங்க ஊர்ப் பேரைச் சொல்லியும் யாராவது இப்படி உங்களை எடை போட்டிருப்பாங்க. எரிச்சலா இருந்திருக்கும், இல்லையா?

நாம டீக்கடையில் பேசுற இந்த விஷயத்தை, 19-ம் நூற்றாண்டில் பெரிய பெரிய பேராசிரியர்களே தடித்தடி புத்தகங்களாக எழுதிவைத்தார்கள். வெப்பமும் குளிரும் மண்ணும் மலையும்தான் மனிதர்களின் குணத்தையும் நாடுகளின் தலையெழுத்தையும் தீர்மானிக்கின்றன என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எதிராக, சத்தமே போடாமல் ஒரு பதிலை உருவாக்கியவர்தான் பால் விடால் த லா பிளாஷ். பிரான்ஸ் நாட்டின் நவீன புவியியலுக்கு அஸ்திவாரம் போட்டவர். பேர் நீளமா இருக்குல்ல? நாம விடால்னே கூப்பிடலாம்.

வரலாறு படிக்கப் போன பையன்

1845-ம் ஆண்டு ஜனவரி 22 அன்று, தெற்கு பிரான்ஸில் உள்ள பெஸெனாஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார் விடால். அப்பா ஆசிரியர். பையன் படிப்பில் கெட்டி. 18 வயதில் பாரிஸின் புகழ்பெற்ற எகோல் நோர்மல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பிரான்ஸின் சிறந்த ஆசிரியர்களையும் அறிஞர்களையும் உருவாக்கும் இடம் அது. 1866-ல் வரலாறு - புவியியல் ஆசிரியர்களுக்கான தேசிய அளவிலான தேர்வில் முதலிடம் பிடித்தார்.

ஆனா, அப்போ அவருக்குப் புவியியல்மேல் பெரிய காதல் எல்லாம் இல்லை. பழங்கால கிரேக்கம்தான் அவருடைய உலகம். 1867-ல் ஏதென்ஸில் இருந்த பிரெஞ்சு ஆய்வுப் பள்ளிக்குப் போனார். வேலை, கல்வெட்டுகளையும் இடிபாடுகளையும் ஆராய்வது. அங்கிருந்தபடியே இத்தாலி, கான்ஸ்டான்டிநோபிள், பாலஸ்தீனம், எகிப்து என்று சுற்றினார். 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது எகிப்தில்தான் இருந்தார். 

யோசிச்சுப் பாருங்க. அதுவரைக்கும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போன கப்பல்கள், மனிதர்கள் வெட்டிய ஒரு வாய்க்கால் வழியாக நேரே இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைகின்றன. வரைபடத்தையே மனிதன் மாற்றிய தருணம் அது. கல்வெட்டு படிக்கப் போனவரின் கண்கள், கல்லைச் சுற்றியிருந்த நிலத்தையும் பார்க்கத் தொடங்கியது இந்தப் பயணங்களில்தான். ஹம்போல்ட், ரிட்டர் என்ற ஜெர்மன் புவியியல் மேதைகளின் எழுத்துகளையும் தேடிப் படித்தார்.

ஒரு தோல்வி, ஒரு கறுப்புக் கறை

1870-ல் விடாலுக்குத் திருமணம் நடந்தது. அதே ஆண்டு பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்தது. பிரான்ஸ் மோசமாகத் தோற்றது. 1871 ஒப்பந்தத்தின்படி அல்சேஸின் பெரும்பகுதி, லொரேனில் ஒரு பகுதி எனத் தன் கிழக்கு எல்லை மாகாணங்களை ஜெர்மனியிடம் பறிகொடுத்தது.

ஏன் தோற்றோம் என்று நாடே யோசித்தபோது, ஒரு விநோதமான காரணம் அடிபட்டது. ஜெர்மன்காரர்களுக்குப் புவியியல் தெரியும், நமக்குத் தெரியாது. நம்ம நாட்டு வரைபடத்தையே நம்ம ஆட்களுக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை. பள்ளிகளில் புவியியலை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அரசே இறங்கியது.

விடால் 1872-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு என்னவோ 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடெஸ் அட்டிகஸ் என்ற கிரேக்கச் செல்வந்தரைப் பற்றியதுதான். ஆனால், வேலை கிடைத்த ஊர் நான்சி. புதிய ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில், பறிபோகாமல் தப்பிய லொரேன் பகுதியில் இருந்த நகரம். இங்கேதான் அவர் முழுநேரப் புவியியல்காரராக மாறினார். ஒரு கோட்டை நகர்த்தினால் லட்சக்கணக்கான மனிதர்களின் நாடு மாறிவிடும் என்பதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டே ஐந்து வருடங்கள் பாடம் நடத்தினார்.

அந்தக் காயம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஓர் உதாரணம். 1887-ல் ஆல்பெர் பெட்டனியே என்ற ஓவியர் ஒரு வகுப்பறையை வரைந்தார். ஆசிரியர் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக்காட்டுகிறார். சீருடை போட்ட சிறுவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆசிரியர் காட்டுவது பறிபோன மாகாணங்களை. அவை கறுப்பாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. ஓவியத்தின் பெயரே 'கறுப்புக் கறை'தான்.

சுவரில் மாட்டிய விடால்

1877-ல் தான் படித்த கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார் விடால். அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் அங்கேதான். அதே காலத்தில், 1881-82 சட்டங்கள் மூலம் பிரான்ஸில் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆனது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துக்கு வரைபடம் வேணுமே?

1885-லிருந்து அர்மான் கொலான் பதிப்பகம் விடாலின் பள்ளிச் சுவர் வரைபடங்களை வெளியிடத் தொடங்கியது. கெட்டி அட்டை, பளிச்சென்ற வண்ணங்கள். இதில் ஒரு சூப்பர் ஐடியா இருந்தது. ஒரு பக்கத்தில் ஆறுகள், மலைகள், நகரங்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். அட்டையைத் திருப்பினால் அதே வரைபடம், பெயர்களே இல்லாமல்! ஆசிரியர் குச்சியால் ஓர் இடத்தைத் தொடுவார், மாணவர் பெயரைச் சொல்லணும். பல தலைமுறை பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு நாடு என்றால் என்ன என்று காட்டியவை இந்த அட்டைகள்தான். இன்று வீட்டு அலங்காரத்துக்காகப் பழைய பொருள் கடைகளில் இவற்றைத் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

1891-ல் மார்செல் துபுவாவுடன் சேர்ந்து 'அனால் த ஜியோகிராஃபி' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். அது இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. 1894-ல் அவருடைய பெரிய அட்லஸ் வந்தது. 1898-ல் சோர்போன் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர் பதவி.

இவ்வளவு பதவிகளுக்கு நடுவிலும் மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிடவில்லை. ரயிலிலும் நடையாகவும் பிரான்ஸைச் சுற்றினார். பார்த்ததையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் குறித்துவைத்தார். பாறை எப்படி இருக்கு, வீட்டுக் கூரை எதால் வேயப்பட்டிருக்கு, வேலி இருக்கா இல்லையா, சந்தை எந்த ஊரில் கூடுது... எதுவுமே அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

பக்கத்து பக்கத்து நிலம், வேற வேற வாழ்க்கை

அந்த நடையின் பலன்தான் 1903-ல் வெளிவந்த அவருடைய மிகப் புகழ்பெற்ற புத்தகம், 'பிரான்ஸின் புவியியல் சித்திரம்'. எர்னெஸ்ட் லவிஸ் என்ற வரலாற்றாசிரியர் பல தொகுதிகளாகக் கொண்டுவந்த பிரான்ஸ் வரலாற்றுக்கு முன்னுரை மாதிரி எழுதப்பட்டது. ராஜா கதைக்கு முன்னால் நிலத்தின் கதை!

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1790-ல் நாட்டை 83 மாவட்டங்களாக வெட்டிப் பிரித்திருந்தார்கள். விடால் அந்தக் கோடுகளைக் கொஞ்சம் ஓரமாக வைத்தார். சாதாரண மக்கள் காலங்காலமாகப் பெயர் சொல்லி அழைக்கும் சின்னச் சின்ன வட்டாரங்களைக் கையில் எடுத்தார். பிரெஞ்சில் இதற்கு 'பேயி' என்று பெயர். மாவட்டம் அரசாங்கம் போட்ட கோடு. வட்டாரம், அங்கே வாழ்கிறவர்களின் வாயில் இருக்கும் பெயர்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். பாரிஸுக்குத் தென்மேற்கே இருக்கும் வட்டாரம் போஸ். கிழக்கே இருப்பது பிரீ. ஆமா, சீஸ் பிரியர்களுக்குத் தெரிந்த அதே பிரீதான். ரெண்டுமே சமவெளி, ரெண்டிலுமே கோதுமை விளையும். ஆனால், போஸில் வளமான மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கிணறு ஆழமாகத் தோண்டணும். அதனால் வீடுகள் நெருக்கமாகக் கூடி நிற்கும், சுற்றிலும் மரமே இல்லாத வயல்வெளி. பிரீயில் அடியில் களிமண். தண்ணீர் மேலேயே தங்கும். குட்டைகள், காடுகள், புல்வெளி, தள்ளித்தள்ளி இருக்கும் பண்ணைகள். பால் மாடு வளர்த்தார்கள், சீஸ் பிறந்தது.

இதைப் படிச்சா, அப்போ மண்தானே எல்லாத்தையும் முடிவு பண்ணுது என்று தோணும். இங்கேதான் விடாலின் முக்கியமான சிந்தனை வருகிறது. நிலம் கட்டளை போடாது. வாய்ப்புகளைத்தான் கொடுக்கும். அதில் எதை எடுக்கணும், எதை விடணும் என்று முடிவு பண்ணுவது அங்கே வாழும் மனிதர்களின் பழக்கம், திறமை, கருவிகள், அவர்கள் யாரோடு வியாபாரம் செய்கிறார்கள் என்பதெல்லாம்தான். ஒரு சமூகம் தன் நிலத்தோடு பழகிப்பழகி உருவாக்கிக்கொள்ளும் வாழ்க்கைக்கு 'வாழ்முறை' என்று பெயர் வைத்தார். கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் சமவெளிக்கும் மந்தையை ஓட்டிப்போகிற இடையர்களின் வாழ்க்கை ஒரு வாழ்முறை. அதே மலையடிவாரத்தில் படிக்கட்டு மாதிரி வயல் வெட்டி ஆலிவ் வளர்ப்பவரின் வாழ்க்கை இன்னொரு வாழ்முறை. மலை ஒன்றுதான்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைக் காலமே காட்டியது. ஷாம்பெயின் வட்டாரத்தின் பெரும்பகுதி, சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு நிலம். விடால் காலத்தில் அது ஆடு மேய்க்கவும் பைன் மரம் நடவும் மட்டுமே லாயக்கான ஏழை மண் என்று பெயர் வாங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உரங்களும் டிராக்டர்களும் வந்தன. இன்று பிரான்ஸின் நல்ல விளைச்சல் தரும் கோதுமை வயல்களும், சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் வயல்களும் அங்கே இருக்கின்றன. மண் அதே மண்தான்!

ஜெர்மனியில் இருந்து வந்த இன்னொரு குரல்

விடாலின் சமகாலத்தவர் ஃபிரெட்ரிக் ராட்சல். ஜெர்மனியின் பெரிய புவியியலாளர். ஒரு நாடு என்பது உயிருள்ள ஜீவன் மாதிரி, அது வளர இடம் வேண்டும் என்கிற எண்ணத்தை 1897-ல் தன் அரசியல் புவியியல் நூலில் விரிவாக எழுதினார். விடால் ராட்சலை மதித்துப் படித்தார், நிறைய கற்றுக்கொண்டார், ஆனால் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. ராட்சல் பிரபலமாக்கிய 'வாழிடம்' என்ற சொல்லை, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹிட்லரின் ஆட்கள் அடுத்த நாடுகளைப் பிடிப்பதற்கான நியாயமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மண்ணுக்கும் மனிதனுக்கும் இருக்கும் உறவை எப்படி எழுதுகிறோம் என்பது வெறும் காலேஜ் பாடம் இல்லை, புரியுதா?

பிரான்ஸோடு மட்டும் விடால் நின்றுவிடவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை வைத்து இந்திய மக்களைப் பற்றி 1906-ல் நீண்ட கட்டுரை எழுதினார். உலகில் சில இடங்களில் மட்டும் மனிதர்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கிறார்கள் என்ற கேள்வி கடைசிவரை அவரைவிடவில்லை.

தோற்றுப்போன எல்லை வழக்கு

அறையில் உட்கார்ந்து யோசித்த ஐடியாவை உலகம் சோதிக்காமல் விடுமா? தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவுக்கும் பிரேசிலுக்கும் எல்லைத் தகராறு. 1713-ல் போட்ட ஓர் ஒப்பந்தத்தில் எல்லையாகக் குறிப்பிடப்பட்ட ஆறு எது என்பதுதான் சண்டை. அந்தப் பகுதியில் தங்கம் வேறு கிடைத்திருந்தது. சுவிட்சர்லாந்து நடுவராக இருக்க, பிரான்ஸ் பக்கத்துக்கு நிபுணராகப் பழைய வரைபடங்களை அலசியவர் விடால்.

1900 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. பிரேசிலுக்குச் சாதகம். விடால் மனசு ஆறவில்லை. 1902-ல் அந்த ஆற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். மாவட்டக் கோடுகளைவிட மக்களின் வட்டாரமே முக்கியம் என்று எழுதிய அதே கை, அரசாங்கத்துக்காகக் கோடு போடும் வேலையையும் செய்தது. இந்த முரண் கடைசிவரை அவரோடு வந்தது.

கடைசிப் புத்தகம்

வயசாக ஆக விடாலின் பார்வையும் மாறியது. ஆரம்பத்தில் வயலும் கிராமமும்தான் அவர் உலகம். 1904-ல் அமெரிக்கா போனார். ரயில்பாதைகளும் பெருநகரங்களும் ஒரு பெரிய நிலப்பரப்பையே எப்படி ஒன்றாகக் கோக்கின்றன என்பது அவர் எழுத்தில் இடம்பிடிக்க ஆரம்பித்தது. 1910-ல், பெரிய நகரங்களை மையமாக வைத்து பிரான்ஸைப் புதிய பிராந்தியங்களாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். பிரான்ஸில் பிராந்தியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வேண்டும் என்று சட்டம் வந்தது 1982-ல்தான்.

1914-ல் முதல் உலகப் போர். ராணுவ அதிகாரியாக இருந்த அவர் மகன் ஜோசப், போரில் உயிரிழந்தார். 70 வயதைத் தொட்ட அப்பா என்ன செய்தார்? மறுபடி எழுத உட்கார்ந்தார். 1917-ல் வந்தது 'கிழக்கு பிரான்ஸ்'. அல்சேஸ், லொரேன் பற்றிய புத்தகம். இளம் வயதில் நான்சியில் இருந்து பார்த்த அதே எல்லை.

இந்தப் புத்தகத்தில்தான் அவருடைய மொத்தச் சிந்தனையும் பரீட்சை எழுதியது. அல்சேஸில் பெரும்பாலான மக்கள் பேசியது ஜெர்மன் சார்ந்த வட்டாரமொழி. மொழியையும் இனத்தையும் வைத்து அது எங்களுடையது என்றது ஜெர்மனி. விடால் வேறு மாதிரி வாதாடினார். பிரெஞ்சுப் புரட்சியில் அந்த மக்களும் பங்கெடுத்தார்கள், அதன் உரிமைகளை அனுபவித்தார்கள், பாதைகள், கால்வாய்கள், ஆலைகள், சந்தைகள் வழியாக பிரான்ஸோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். ஒரு நிலம் யாருடையது என்பதை மண்ணும் ரத்தமும் சொல்லாது, சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைதான் சொல்லும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

1918 ஏப்ரல் 5 அன்று, டூலோன் நகருக்கு அருகே கடலோரத்தில் விடால் காலமானார். ஏழு மாதங்கள் கழித்துப் போர் முடிந்தது. அல்சேஸும் லொரேனும் பிரான்ஸுக்கே திரும்பின. அதைப் பார்க்க அவர் இல்லை.

ஆனா, கதையில் ஒரு முள் இருக்கு. அந்த மாகாண மக்களிடம் எந்த நாட்டோடு சேர விருப்பம் என்று வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. 1871-க்குப் பிறகு அங்கே குடியேறி, குடும்பம் நடத்தி, குழந்தைகள் பெற்ற ஜெர்மானியர்கள் ஏராளமானோர் வெளியேற்றப்பட்டார்கள். சேர்ந்து வாழ்வதுதான் ஊரை உருவாக்குகிறது என்றால், அந்த 47 வருட வாழ்க்கைக்கு என்ன கணக்கு? விடாலின் சிந்தனையை வைத்தே கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சொல்லத்தான் அவர் இல்லை.

வாத்தியார் போனபிறகும் நடந்த வகுப்பு

அவர் முடிக்காமல் விட்டுப்போன குறிப்புகளைத் தொகுத்து, 'மானுடப் புவியியலின் கோட்பாடுகள்' என்ற நூலை 1922-ல் கொண்டுவந்தவர் மாணவரும் மருமகனுமான எமானுவேல் த மர்தோன். 1919 பாரிஸ் அமைதி மாநாட்டில் ருமேனியா, போலந்து போன்ற நாடுகளின் எல்லைகளை வகுக்க ஆலோசனை சொன்ன புவியியலாளரும் இவர்தான். ஆல்பெர் தெமான்ஜோன் பிகார்டி வட்டாரத்தையும், ரவுல் பிளான்ஷார் ஃபிளாண்டர்ஸையும் சல்லடை போட்டு ஆராய்ந்தார்கள். ஒரு மாணவருக்கு ஒரு வட்டாரம் என்பது பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் பல காலம் எழுதப்படாத விதியாகவே இருந்தது.

லூசியன் ஃபெவ்ர் என்ற வரலாற்றாசிரியர் 1922-ல் விடாலின் சிந்தனைக்குச் 'சாத்தியவாதம்' என்று பெயர் சூட்டினார். விடால் பயன்படுத்தாத பெயர் அது. இதே ஃபெவ்ர், மார்க் பிளாக்குடன் சேர்ந்து 1929-ல் தொடங்கிய ஆய்விதழ்தான் உலகம் முழுக்க வரலாறு எழுதும் முறையையே மாற்றியது. ராஜாக்களை விட்டுவிட்டு விவசாயியையும் விலைவாசியையும் எழுதிய வரலாறு அது.

விமர்சனங்களும் வந்தன. ஒவ்வொரு வட்டாரத்தையும் அழகாக வர்ணித்தால் போதுமா, பொதுவான விதி எங்கே என்று 1950-களுக்குப் பிறகு வந்த, கணக்கும் புள்ளிவிவரமும் பேசிய தலைமுறை கேட்டது. 1976-ல் ஈவ் லாகோஸ்ட் என்ற புவியியலாளர் இன்னும் காட்டமாகக் கேட்டார். 1903 புத்தகத்தில் அதிகாரம் எங்கே, தொழிற்சாலை எங்கே, அரசியல் எங்கே? நியாயமான கேள்விகள்தான். சுவாரஸ்யம் என்னன்னா, பிறகு 'கிழக்கு பிரான்ஸ்' புத்தகத்தைத் தேடிப் படித்த அதே லாகோஸ்ட், விடாலிடம் இவ்வளவு அரசியல் இருந்திருக்கிறதே என்று அதைத் தூக்கிக் கொண்டாடினார்.

நீங்களும் விடால் ஆகலாம்!

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா? மேப்பில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கிட்டே நடக்கிறதைக் கொஞ்சம் நிறுத்திட்டு, இதையெல்லாம் கவனிச்சுப் பாருங்க.

கிணறு எவ்வளவு ஆழம்? வீடுகள் நெருக்கமா இருக்கா, தள்ளித்தள்ளி இருக்கா? பழைய வீட்டுச் சுவர் எந்தக் கல், எந்த மண்? சந்தை எந்தக் கிழமை, எந்தெந்த ஊர்க்காரங்க வர்றாங்க? தாத்தா காலத்தில் என்ன விளைஞ்சது, இப்போ என்ன விளையுது, எந்த வருஷம் மாறுச்சு, ஏன் மாறுச்சு? உங்க பகுதியை அரசாங்கம் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடும், பாட்டி வேற ஒரு பேர் சொல்லுவாங்க. அந்தப் பேர் எதுவரைக்கும் செல்லும், எந்த ஊரைத் தாண்டினா மாறும்?

இந்தக் கேள்விகளுக்கு ஜி.பி.எஸ் பதில் சொல்லாது. ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்கணும். கேட்டா ஒண்ணு புரியும். உங்க ஊர்க்காரங்க வெயிலால் கோபக்காரங்களாகவும் ஆகலை, தண்ணியால் சோம்பேறிகளாகவும் ஆகலை. கையில் கிடைச்சதை வெச்சு, ஒவ்வொரு தலைமுறையும் எடுத்த ஆயிரம் முடிவுகள்தான் அந்த ஊர். அடுத்த முடிவுகளை எடுக்கப்போறது உங்க தலைமுறை!